பரமேஸ்வரன் மாஸ்டரின் பொட்டாசியம்

பரமேஸ்வரன் மாஸ்டருக்கு வேதியியல் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க சுலைகாவுக்கு ஒன்பது வருஷம் தேவைப்படவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் தெரியாத மாதிரி நடந்துகொண்டதற்குத்தான் மாதா மாதம் சம்பளம்.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது மாஸ்டரின் டியூஷன் சென்டர். படிக்கட்டுச் சுவர் முழுக்க அவர் படம்தான். கோட்டு சூட்டு, கையில் நீலத் தண்ணீர் ஊற்றிய குடுவை, கீழே 'கெமிஸ்ட்ரி கிங்' என்று தங்க எழுத்து. அந்த நீலத் தண்ணீர் துணிக்குப் போடும் நீலம். போட்டோ எடுத்த அன்றைக்குக் கலக்கிக் கொடுத்ததே சுலைகாதான்.

அவர் கெமிஸ்ட்ரிக்கு ராஜா ஆனது ஒரு பாட்டால். தனிம அட்டவணையை மனப்பாடம் பண்ண ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெட்டு போட்டு, தலையை ஆட்டி ஆடி வீடியோ விட்டார். 'இந்தப் பக்கம் போனா சுருங்கும் சுருங்கும், கீழ கீழ போனா எல்லாம் கூடும் கூடும்' என்று போகும். செந்தூலிலிருந்து பூச்சோங் வரைக்கும் எஸ்பிஎம் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளெல்லாம் அதைப் பாடின. எந்த எல்லாம், ஏன் கூடும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெற்றோர்கள் ஆகா, என்ன மூளை என்று பணத்தைக் கட்டினார்கள். வகுப்பு எடுத்தது சுலைகா. பாடப் புத்தகம் எழுதியது சுலைகா. அட்டையில் மூஞ்சி மட்டும் மாஸ்டருடையது. நல்லவேளை, உள்ளே ஒரு பக்கத்தையும் அவர் புரட்டவில்லை. புரட்டியிருந்தால் திருத்துகிறேன் பேர்வழி என்று கெடுத்திருப்பார்.

இத்தனையையும் அவள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் கிள்ளான். வீடு கிள்ளானில். தினமும் கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தாள். "கிள்ளான்ல கிளை திறந்தா நீங்கதான் டீச்சர் அங்க ஹெட்" என்று மாஸ்டர் நாலு ஹரிராயாப் பெருநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் உண்மையாகவே கடை வாடகைக்கு எடுத்து, பெயர்ப்பலகையும் மாட்டியாகிவிட்டது. ஹெட் அறைக் கதவில் மட்டும் இன்னும் பெயர் ஒட்டவில்லை.

நம் ஊரில் ஒரு தண்டவாளத்துக்கு ஆணி அடித்தாலும் திறப்பு விழா வேண்டும். திறப்பு விழா என்றால் ஒரு ஒய்பி, அதாவது மாண்புமிகு மக்கள் பிரதிநிதி ஒருவர், வேண்டும். ஒய்பி வந்தால் கிம்மிக் வேண்டும். சும்மா ரிப்பன் வெட்டினால் மரியாதைக் குறைச்சலாம். கண்ணாடி உருண்டையில் கை வைத்தால் மின்னல் ஓட வேண்டும், புகை வர வேண்டும், காகிதப் பூ பறக்க வேண்டும். மாஸ்டரின் வலக்கை முகுந்தன், முன்பு வீடு வீடாகத் தண்ணீர் பில்டர் விற்றவன். இப்போது சென்டருக்கு மார்க்கெட்டிங் மேனேஜர். அவன்தான் யோசனை சொன்னான்.

"கெமிஸ்ட்ரி சென்டர் மாஸ்டர். ஒய்பி கையால தண்ணில ஒரு மெட்டல போடணும், நெருப்பு வரணும். யாருமே செஞ்சதில்ல."

யாருமே செய்யாததற்குக் காரணம் இருக்கும் என்று அந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒத்திகை. சுலைகா கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பட்டாணி அளவு சோடியம் போட்டாள். அது உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு தண்ணீர் மேலே அங்கும் இங்கும் ஓடிக் கரைந்துபோனது. அவளுக்கு எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி. மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவுதானா? இதுக்கா ஒய்பி ஷா ஆலம்ல இருந்து வரணும்? சோடியத்துக்குக் கீழ என்ன இருக்கு?"

"பொட்டாசியம்."

"அப்ப அதைப் போடுங்க. கட்டை விரல் சைஸ்ல."

"சார், பொட்டாசியம் அரிசி அளவு போட்டாலே தானா தீப்பிடிக்கும், ஊதா கலர்ல. கட்டை விரல் அளவுன்னா வெடிக்கும். எரியிற துண்டு நாலு பக்கமும் தெறிக்கும். கண்ணுல பட்டா கண்ணு போயிடும்."

"பின்னால உக்காந்திருக்கிறவனுக்கு அரிசி தெரியுமா டீச்சர்?"

"முன்னால யாரு உக்காருறாங்க?"

முகுந்தன் பெருமையாகச் சொன்னான். "நம்ம ஏ பிளஸ் பிள்ளைங்க, பதினாறு பேர். தொட்டியிலேர்ந்து ஒரு மீட்டர்தான். போட்டோவுல எல்லார் மூஞ்சியும் விழணும் லா."

சுலைகா மாஸ்டர் பக்கம் திரும்பினாள். இந்த ஆளுக்கு எது புரிகிறது, எது புரியவில்லை என்று ஒரு தடவை அடித்தளம் வரைக்கும் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று கேட்டாள். "சார், முதல் குரூப்ல கீழ போனா வேகம் கூடும். சரி. பதினேழாம் குரூப்ல? புளோரின், குளோரின், புரோமின்?"

"அதுவும் கூடும் லா. கீழ போனா கூடும். பாட்டுலயே இருக்கே."

அடப்பாவி மனுஷா என்று நினைத்துக்கொண்டாள். பதினேழாம் குரூப்பில் கீழே போனால் குறையும். அவர் மூஞ்சி போட்ட புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கீழே போகப் போக அணுவுக்கு ஒவ்வொரு அடுக்காகக் கூடுகிறது. வெளி விளிம்பு கருவை விட்டுத் தள்ளிப் போகிறது, கருவின் பிடி தளர்கிறது. சோடியம் ஜாதிக்கு எலக்ட்ரானைக் கைவிடுவதுதான் வேலை, பிடி தளர்ந்தால் வேலை சுலபம். குளோரின் ஜாதிக்கு எலக்ட்ரானைப் பிடுங்குவது வேலை, பிடி தளர்ந்தால் வேலை கஷ்டம். இதைப் பதினாறு வயசுப் பிள்ளைக்குப் பத்து நிமிஷத்தில் புரியவைக்கலாம். ராஜாவுக்கு இருபது வருஷமாகப் புரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு அம்புக்குறி. அம்பு கீழே காட்டுகிறது, இவர் கீழே ஓடுகிறார்.

"பிடிக்கலைன்னா சொல்லுங்க டீச்சர்," என்றார் மாஸ்டர், செல்போனைப் பார்த்துக்கொண்டே. "கிள்ளானுக்கு முகுந்தனைப் போட்டுக்கறேன். பொட்டாசியத்தையும் அவனே வெட்டட்டும்."

முகுந்தன் காது வரைக்கும் சிரித்தான்.

அன்று ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்கார மறந்துபோனாள். முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கலாம். அப்புறம் முகுந்தன் வெறுங்கையால் பொட்டாசியத்தைத் தொடுவான், ஒய்பி போடுவார், பதினாறு பிள்ளைகள் ஒரு மீட்டரில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போலீசுக்குச் சொல்லலாம். என்ன சொல்வது, தனிம அட்டவணையில் ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டார் என்றா? தன் மேலேயும் அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒன்பது வருஷம் இவருடைய முட்டாள்தனத்துக்கு மூடி போட்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தாள். ராஜாவுக்குக் கிரீடம் செய்து கொடுத்ததே இவள்தானே.

ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டும்போது முடிவு பண்ணினாள். அவர் கீழே போகச் சொன்னால் இவள் மேலே போவாள். சோடியத்துக்கு மேலே லித்தியம். அந்தக் குடும்பத்திலேயே பரம சாது. ரசாயன அலமாரியின் சாவி இவள் கைப்பையில்தான் இருந்தது. அபாயப் படம் போட்ட லேபிளைப் பார்த்தால் ஒய்பி பயப்படுவார், அதனால் லேபிள் இல்லாத அழகான ஜாடியில் வையுங்கள் என்று மாஸ்டரே உத்தரவு போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளான் மண்டபத்தில் முந்நூறு நாற்காலி. வாசலில் ஒய்பிக்கான ஆளுயர மாலையோடு வீரம்மா நின்றிருந்தாள். கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவள், மாலை அவள் கட்டியதுதான். அவள் மகள் ஷாமினி முதல் வரிசைப் பதினாறில் ஒருத்தி. இரண்டு வருஷமாக அவளை ரயிலேற்றி பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். "டீச்சர், ஒய்பி வர லேட்டாகுமாமே? மாலைக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றாள். ஒய்பி ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். காலதாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கவே கால் மணி நேரம் பேசினார்.

ஒருவழியாகக் கிம்மிக். முகுந்தன் மேளத்தை அடக்கச் சொல்லிச் சைகை காட்டினான். மாஸ்டர் கண்ணாடி ஜாடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மண்ணெண்ணெயில் ஒரு சாம்பல் நிறத் துண்டு, நிலக்கடலை அளவுக்கு.

"இது என்ன தெரியுமா? பொட்டாசியம்" என்றார் மைக்கில்.

பொட்டாசியம் மண்ணெண்ணெயில் அடியில் கிடக்கும். இது மேலே மிதந்துகொண்டிருந்தது. எண்ணெயிலும் மிதக்கிற அளவுக்கு லேசான உலோகம் லித்தியம் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்தவனுக்கும் தெரியும். ராஜா ஜாடியை இந்தப் பக்கம் காட்டினார், அந்தப் பக்கம் காட்டினார், தன் மூக்குக்கு நேராகவே பிடித்துக் காட்டினார். துண்டு ஏன் சின்னதாக இருக்கிறது என்று சுலைகாவை முறைக்க மட்டும் தெரிந்தது. மேடை ஓரத்தில் மணல் வாளியோடு நின்ற சுலைகாவுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒய்பி இடுக்கியால் எடுத்துப் போட்டார். பதினாறு பிள்ளைகளும் கண்ணை விரித்தன. துண்டு தண்ணீரில் மிதந்து, புஸ்ஸென்று நுரைத்தது. நுரைத்துக்கொண்டே இருந்தது. தீயும் இல்லை, புகையும் இல்லை. முகுந்தன் அவசரப்பட்டுக் காகிதப் பூவை வெடித்துவிட்டான். அது எல்லோர் தலையிலும் விழுந்து முடிந்த பிறகும் துண்டு நுரைத்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், இது ஈனோதானே?" என்றார் ஒய்பி. "வயித்துக்கு நல்லது."

மண்டபமே சிரித்தது. மாஸ்டரின் முகம் கறுத்துப்போனது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சுலைகா பக்கம் குனிந்தார்.

"பொட்டாசியம் பழைய ஸ்டாக்கு, சப்ளையர் ஏமாத்திட்டான்னு நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா நம்புவாங்க. நாளைக்குக் காலைல கிள்ளான் ஹெட் ரூம் சாவி ஒங்க கையில."

அவர் நீட்டிய மைக்கை வாங்கிக்கொண்டாள். ஒரு வாக்கியம். ஒன்பது வருஷமாக இதைவிடப் பெரிய பொய்களை மூடியிருக்கிறாள். இது அவருடைய மானத்தைத் தவிர எதையும் காப்பாற்றாத, யாருக்கும் கெடுதலும் செய்யாத குட்டிப் பொய். நாளை முதல் ரயில் இல்லை, கதவில் பெயர். முதல் வரிசையைப் பார்த்தாள். ஷாமினி தலையில் ஒட்டிய காகிதப் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையும் சோதனையில் பதினேழாம் குரூப்புக்கு 'கூடும்' என்றுதான் எழுதியிருந்தாள். இவள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தும் பாட்டுதான் ஜெயித்தது. இங்கே ஹெட்டாகி என்ன செய்வது, அந்தப் பாட்டுக்குத் தாளம் போடுவதா?

"இது பொட்டாசியம் இல்ல," என்றாள். "லித்தியம். நான்தான் மாத்தி வச்சேன். சார் கேட்ட அளவுக்குப் பொட்டாசியம் போட்டிருந்தா, முன்னால உக்காந்திருக்கிற பிள்ளைங்க கண்ணு போயிருக்கும். வேண்டாம்னு வியாழக்கிழமையே சொன்னேன். கேக்கல."

சிரிப்பு நின்றுபோனது. ஒய்பி இரண்டு அடி பின்னால் நகர்ந்தார், தொட்டியை விட்டா மாஸ்டரை விட்டா என்று தெரியவில்லை. மாஸ்டர் மைக்கைப் பிடுங்கினார்.

"இது சபோட்டாஜ், சதி. எனக்கு வேண்டாதவங்க யாரோ இவங்களத் தூண்டி விட்டிருக்காங்க. பெற்றோர்களே, இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. என்னையே ஏமாத்தி, பொட்டாசியம்னு சொல்லி வேற எதையோ கையில குடுத்திருக்காங்க."

அங்கங்கே தலைகள் ஆடின. ஐயோ பாவம், மாஸ்டரையே ஏமாற்றிவிட்டார்களே என்று ஒரு அங்கிள் உரக்கவே சொன்னார். சுலைகாவுக்கு அது எதிர்பார்த்ததுதான். இந்த மண்டபம் ராஜாவை விட்டுக்கொடுக்காது. கட்டிய பணத்துக்கு ஒரு ராஜாவாவது மிஞ்ச வேண்டாமா? கைப்பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, ஜாடியை மூட ஆரம்பித்தாள்.

அப்போது கடைசி வரிசையில் வீரம்மா எழுந்து நின்றாள். சண்டைக்கு எழுந்த மாதிரி இல்லை. கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடுதான் எழுந்தாள்.

"சார், எனக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்" என்றாள். "நான் கண்ண மூடிக்கிட்டு மல்லி எது, முல்லை எதுன்னு விரல்ல சொல்லுவேன். யாராச்சும் மாத்திக் குடுத்தா தொட்டதும் தெரிஞ்சுடும். நீங்க அத்தன நேரம் கையில வச்சிருந்தீங்க. மூஞ்சிக்கு நேரா புடிச்சுப் பாத்தீங்க. ஒங்களுக்குத் தெரியலையா சார்?"

ஆடிய தலைகள் நின்றன. பதினாறு பிள்ளைகளும் மாஸ்டரையே பார்த்தன. மாஸ்டர் வாயைத் திறந்தார். எப்போதும் பதில் தெரியாதபோது செய்வது போலவே, பழக்கத்தில் தலையைத் திருப்பி சுலைகாவைப் பார்த்தார்.

சுலைகா ஜாடியின் மூடியை இறுக்கித் திருகினாள். கையைத் துடைத்துக்கொண்டு, அவர் சொல்லட்டும் என்று மற்றவர்களோடு சேர்ந்து அவளும் காத்திருந்தாள்.