கீழே விழாத ஐஸ்

பவுசியாவுக்கு அன்று பொழுது விடிந்ததே கோபத்தோடுதான். சுபுஹு தொழுதுவிட்டு ஐஸ் கம்பெனியின் பெரிய கேட்டைத் திறக்க வந்தால், அங்கே ஏழெட்டு மீன்காரப் பெண்கள் வழியை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். விடியற்கருக்கலில் ஏலத்தில் எடுத்த மீன் அவரவர் கூடையில் இருந்தது. நடுவில், யாருக்கும் எழுந்து வழிவிடாதவளாக, செவந்தி.

"வாம்மா மகாராணி. ஒங்கத்தா இருந்தவரைக்கும் இந்த வாசல்ல நாங்க உக்காந்ததே இல்ல. நேரா உள்ள போவோம், ஐஸ அள்ளுவோம், பஸ்ஸப் புடிப்போம்."

"வழிய விடுக்கா. இன்னைக்குப் போட்டெல்லாம் கடலுக்குப் போற நாளு. ஐஸ் ஏத்தணும்."

"ஏத்து, ஏத்து. எங்க மீனையும் சேத்து ஏத்திரு. கடல்லயே கொண்டுபோயி விட்டுறச் சொல்லு. ஐஸ் இல்லாம இங்கிட்டுருந்து அறந்தாங்கிக்கு விக்கப் போறதுக்குள்ள அது எங்களுக்கு முன்னாடி எறங்கி ஓடிருதாம், நாத்தம் தாங்காம."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். திட்டியிருந்தால்கூட பவுசியா தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

கோட்டைப்பட்டினத்தில் அந்த ஐஸ் கம்பெனியைக் கட்டியவர் அவளைப் பெற்ற அத்தா யாக்கூப். படகுகளுக்குக் கொடுப்பதற்காக, பெரிய கட்டியாக உறைந்த ஐஸ் பாரை அரவை மெஷினில் போட்டு நொறுக்கும்போது தூளும் துண்டுமாக நாலாபக்கமும் சிதறும். கம்பெனி திறந்த அன்றே யாக்கூப் அல்லாஹ்வை முன்வைத்து மனதில் ஓர் உறுதி, ஒரு நிய்யத், வைத்தார். தரையில் விழுந்தது நமக்கு ஆகாது, எடுக்க வருகிறவர்களுக்குத்தான் என்பது அந்த நிய்யத். அன்று முதல் மீன்காரப் பெண்கள் சட்டியோடு உள்ளே வந்து அள்ளிப் போனார்கள். கொடுத்தவர் கொடுத்ததாக நினைக்கவில்லை. வாங்கியவர்களும் கை நீட்டி வாங்கியதாக நினைக்கவில்லை. நல்ல தர்மத்துக்கு அதுதானே அழகு?

அத்தா மவுத்தானார். பவுசியாவின் கணவன் அர்ஷத் ஷார்ஜாவில் வேலையில் இருந்தான். கம்பெனி அவள் தலையில் வந்து விழுந்தது. கூடவே கரண்ட் பில்லும் வந்தது. ஐஸ் தேவைப்படுகிற நாளோ, தேவைப்படாத நாளோ, கம்ப்ரசர்கள் ஒரே மாதிரி உறுமிக்கொண்டிருந்தன. அடுத்த மீன்பிடித் தடைக்காலத்தில் மூடினால் பிறகு திறக்க முடியாது என்ற நிலை வந்தபோது, அவள் திருச்சியிலிருந்து மோகனப்ரியா என்கிற இன்ஜினியரை வரவழைத்தாள்.

அந்தப் பெண் கம்பெனிக்குக் கண்ணும் காதும் வைத்துக் கொடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் பார்க்கும். அதற்கேற்ப கம்ப்ரசர் தானே வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கரண்டுக்குக் கூடுதல் கட்டணம் உள்ள நேரத்தில் தானே ஓய்வெடுக்கும். குளிர் அறையின் கதவு சற்றே அதிகம் திறந்திருந்தால் அலாரம் அடிக்கும். எல்லாவற்றையும் பவுசியா போனிலேயே பார்க்கலாம், திருச்சியிலிருந்து மோகனப்ரியாவும் பார்க்கலாம். பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு வேலையாளும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. படைத்தவன் தந்ததை வீணாக்காமல் இருப்பதும் ஒரு வணக்கம்தான்.

ஆனால் போன் திரையில் ஓர் இடம் மட்டும், குளிர் வீணாகிறது என்று, சிவப்பாகவே இருந்தது. அரவை மெஷின். "இங்க சிதறுற ஐஸ் எங்க மேடம் போகுது?" என்று மோகனப்ரியா கேட்டாள்.

"அது வேஸ்ட்தாங்க" என்றாள் பவுசியா.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்தது. மெஷினுக்குச் சுற்றிலும் எவர்சில்வர் மூடி வந்தது. சிதறல் முழுக்க ஒரு சரிவில் வழிந்து, அடுத்த ஐஸுக்கான தண்ணீரை முன்கூட்டியே குளிர வைக்கப் போனது. சிவப்பு பச்சையாயிற்று. தரை காய்ந்து கிடந்தது.

இப்போது கேட் வாசலில் செவந்தி கேட்டாள். "ஒங்கத்தா வச்ச நிய்யத்து என்னாச்சு, தாயி?"

இந்தக் கேள்விக்குப் பவுசியா பல நாளாகவே பதில் தயார் செய்து வைத்திருந்தாள். "எங்கத்தா என்ன சொன்னாங்க? கீழ விழுந்தது ஒங்களுக்குன்னாங்க. இப்ப ஒண்ணும் கீழ விழல. விழுந்தா எடுத்துக்கங்க, நான் வேணாங்கல. நானா வாக்கு மாறுனேன்?"

செவந்தி கன்னத்தில் கை வைத்தாள்.

"அடி ஆத்தே! அல்லாகிட்டயே வக்கீல் வேலை பாக்குறியேடி!"

பவுசியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எந்திரிங்க எல்லாரும்! இல்ல, போலீஸுக்குப் போன் போடுவேன். யாருகிட்டக் கைய ஏந்தி இந்தக் கம்பெனிய நான் காப்பாத்துனேன்? பில்லு கட்ட முடியாம நின்னப்ப நீங்க ஒருத்தராவது வந்தீங்களா?"

"கேட்டியா நீ? மூடப்போறேன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

பவுசியா போனைக் கையில் எடுத்தாள். கோபம் இன்னும் ஏறியது. பெண்கள் கூடைகளை இழுத்துக்கொண்டு மதிலோரம் ஒதுங்கினார்கள். ஆனால் யாரும் போகவில்லை.

படகுக்காரர்களின் வண்டிகள் வரத் தொடங்கின. மெஷின் ஓட்டும் ஜெபக்குமார் யார் முகத்தையும் பார்க்காமல் ஐஸ் அரைத்துக் கொடுத்தான். முதலில் வாங்கியவன் பிச்சை என்கிற விசைப்படகு டிரைவர், ஊருக்கே தெரிந்த வாயாடி. அவன் வண்டி கேட்டைத் தாண்டியதும் நின்றது. இறங்கினான். ஒரு கூடை ஐஸைத் தூக்கிப்போய் செவந்தியின் மீன்மேல் கொட்டினான்.

பவுசியா விறுவிறுவென்று போனாள். "என்ன பண்ற, பிச்சை?"

"காசு குடுத்து வாங்குன ஐஸு, அக்கா. கடல்ல கொட்டுவேன், என் தலையில கொட்டுவேன்."

"எனக்கு ஒன் ஐஸு வேணாம்டா" என்றாள் செவந்தி. "கடல்ல ஐஸு பத்தாம ஒரு மீனு கெட்டுப்போனா ஒன் பொண்டாட்டி என்னயத்தான் வைவா."

"நான் ஒனக்கா குடுக்குறேன்? யாக்கூப் பாய் பேரச் சொல்லிக் குடுக்குறேன். புண்ணியம் அவருக்குப் போய்ச் சேரட்டும். நீ நடுவுல பேசாத, சின்னாத்தா."

பின்னால் வந்த வண்டியும் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. ஒருவன் இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டான், ஒருவன் பாதிக் கூடை போட்டான். யாரும் பவுசியாவை ஒரு சொல் சொல்லவில்லை. யாக்கூப் பாய், யாக்கூப் பாய் என்ற பேச்சு மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதுவரை வந்த கோபமெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. என் அத்தாவுக்குச் சேர வேண்டிய நன்மையை, என் வாசலில், என்னிடம் ஐஸ் வாங்க வந்தவன் சேர்த்துவைக்கிறான். பெற்ற மகள் நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன். இவன்கள் யார்? என் அத்தாவுக்கு என்ன முறை?

உள்ளே ஓடினாள். குளிர் அறைக் கதவை அகலத் திறந்தாள். கொக்கியை எடுத்து ஒரு முழு ஐஸ் பாரைக் குத்தி இழுத்தாள். அலாரம் வீறிட்டது. ஜெபக்குமார் பதறிப்போய் வந்தான். "அக்கா, கதவு! அக்கா, வழுக்கும்! நான் இழுக்குறேன், விடுங்க!"

"தள்ளுடா!"

வண்டிகளுக்கு ஐஸ் ஏற்றியதில் ஈரமாகியிருந்த சிமெண்டில் அந்தப் பார் கேட் வரைக்கும் வழுக்கி வந்து மதிலில் முட்டி நின்றது. அதற்குள் போன் அடித்தது. திருச்சியிலிருந்து மோகனப்ரியா.

"மேடம், கதவு ரொம்ப நேரமா திறந்திருக்குன்னு காட்டுதே, ஏதும் பிரச்னையா?"

"பிரச்னைதான். அன்னைக்கு ஒங்ககிட்ட வேஸ்ட்டுன்னு சொன்னேன்ல? பொய் சொன்னேன். அது எங்கத்தா இந்தப் பொம்பளைகளுக்கு விட்ட பங்கு. தெரிஞ்சேதான் சொன்னேன்." மூச்சு வாங்கியது. "இனிமே தினமும் அவங்க ஐஸு வெளிய போகும். ஒங்க மெஷின் என்ன கத்தினாலும் போகும்."

மோகனப்ரியாவின் குரலிலும் கோபம் இருந்தது. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்! அந்தச் சரிவ மதிலுக்கு வெளிய திருப்பி விட்டிருப்பேன். அவங்க வாசல்லயே புடிச்சுக்குவாங்க, கதவே திறக்க வேணாம். பில்லுல பெருசா ஒண்ணும் கூடியிருக்காது. ஒரு வார்த்த சொல்ல என்ன மேடம் கஷ்டம்?"

பவுசியாவுக்கு வைவதற்கு இப்போது தன்னைத் தவிர வேறு ஆளே இல்லை.

"எப்ப வருவீங்க?"

"இந்த வாரத்துக்குள்ள வந்து மாத்தித் தர்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பெண்கள் அந்த ஐஸ் பாரைச் சுற்றி நின்றார்கள். யாரும் தொடவில்லை. செவந்தி அதைக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பெருசா எழவெடுத்துப் போட்டா எப்படி? சட்டிக்குள்ள போகுமா இது? யாரு ஒடைக்கிறது, எங்க மாமனா?"

"இரு, வாரேன்."

ஜெபக்குமாரிடமிருந்து சம்மட்டியைப் பிடுங்கி வந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி அடித்தாள். முதல் அடியில் ஒரு மூலை மட்டும் தெறித்தது. அடுத்த அடியில் பார் இரண்டாகப் பிளந்தது. செவந்திமேல் இருந்த கோபமும் பிச்சைமேல் இருந்த கோபமும் அந்த "வேஸ்ட்" என்ற சொல்மேல் இருந்த கோபமும் கைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தன.

"மெதுவாடி, கண்ணுல அடிக்குது!" என்று கத்தியபடி செவந்தி குனிந்து தன் சட்டியில் அள்ளிப் போட்டாள். "பஸ்ஸு வர நேரமாச்சு. இங்கிட்டுக் கொஞ்சம் பொடியா ஒடை."

"வாய மூடிட்டு அள்ளு" என்றாள் பவுசியா. சம்மட்டியை மறுபடி ஓங்கினாள்.