மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம்

மூன்று துவக்கு அக்சன்களும் பச்சைத் துணி விரித்த பெரிய மேசையில் கிடந்தன. பஸ்ரியன் நாலடி தள்ளி, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கமாக, ஏப்ரன் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு நின்றார். தன் புதுத் துவக்குக்கு அதில் ஒன்றைத் தெரிந்தெடுக்க டொக்ரர் ஜூலியன் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இப்போது ஒன்பதே முக்கால். பல் வைத்தியர்கள் மற்றவர்களைக் காக்கவைத்தே பழகியவர்கள்.

மோர்னிங்சைட்டில், ஒரு ரயர்க் கடைக்கும் அலுமாரி செய்கிற இடத்துக்கும் நடுவில், வோல்ரரின் துவக்குப் பட்டறை. பஸ்ரியன் அங்கே ஒன்பது வருடமாகக் கடைசல் வேலை. குழல் கடைவார், மரப்பிடங்கு செதுக்குவார், இரும்பில் எழுத்து அடிப்பார். அக்சனை மட்டும் தொடமாட்டார். தோட்டாவை மேலே எடுத்துக் குழலுக்குள் தள்ளிப் பூட்டி, வெடித்த பிறகு வெறுங்கோதை வெளியே எறிகிற நடு இரும்பு அது. கனடாச் சட்டத்துக்கு அதுதான் துவக்கு; மிச்சமெல்லாம் வெறும் குழாயும் மரமும். லைசென்ஸ் இல்லாதவன் அதில் கை வைத்தால் இன்சூரன்ஸ்காரன் சும்மா விடமாட்டான் என்று வோல்ரரே முழங்காலில் நின்று அந்த நாடாவை ஒட்டினார்.

லைசென்ஸ் இல்லாததற்குக் காரணம் வேரோனிக்கா. விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்து வைக்க ஓர் இடம் உண்டு.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு மூளை கழண்டு போச்சே? அகதிக் கேஸ் விசாரிக்கேக்க பைபிளில கை வைச்சு, துவக்கைக் கையாலயும் தொட்டதில்லையெண்டு சொன்னனீங்கள். இப்ப அதே மனிசன் துவக்குக்கு லைசென்ஸ் கேட்டா பழைய ஃபைலைத் தூக்குவாங்கள். பிளேனில ஏத்துவாங்கள்."

"நாங்கள் சிற்றிசன் எடுத்து இருவது வருசமப்பா."

"அப்ப பிஸ்னஸ் கிளாஸில ஏத்துவாங்கள்."

கையெழுத்தில்லாமலும் அனுப்பலாம்தான். ஆனால் அதிகாரிகள் வேரோனிக்காவுக்குப் போன் பண்ணி விசாரிப்பார்கள். அப்போது அவள் என்ன சொல்லுவாள் என்பது அவளுக்கே தெரியாது. பஸ்ரியன் படிவத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார்.

பைபிளில் சொன்னதும் அவ்வளவு சுத்தமான உண்மை இல்லை. மன்னாரில் அவர் வேலை செய்த லேத் பட்டறைக்கு உழவு மெசின் வரும், வள்ளத்து எஞ்சின் வரும், சில நாட்களில் சாக்கில் சுற்றி வேறு சாமானும் வரும். கொண்டு வந்தவன் எந்தப் பக்கத்தான் என்று கேட்கிற வழக்கமில்லை. துவக்கோடு வந்து நிற்கிறவனிடம் இன்றைக்குக் கடை பூட்டு என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

பெரிய மேசையில் இருபத்தாறு வருடம் இருந்த கிழவர் போன மாதம் ஓய்வெடுத்தார். டொக்ரரின் துவக்கை யார் பொறுப்பெடுத்து முடிக்கிறாரோ அவருக்கு அந்தக் கதிரை என்று வோல்ரர் சொல்லியிருந்தார். சம்பளம் கூடும், பனிக்காற்று அடிக்கிற கதவோரம் நிற்கவும் தேவையில்லை. லைசென்ஸ் வந்தால் பஸ்ரியன், இல்லையென்றால் றொய்சன். றொய்சன் இங்கே பிறந்தவன், முப்பது வயது, சேர்ந்து எட்டு மாதம், சட்டைப் பையில் லைசென்ஸ். நல்ல பிள்ளை வேறு. மனம் நிறையத் திட்டவும் வழியில்லாமல் பஸ்ரியன் அந்தரப்பட்டார்.

டொக்ரர் வந்தார். மடிப்புக் கலையாத புது வேட்டைச் சட்டை. ஆகஸ்ட் மாதம் தான்சானியாவுக்குப் போய்க் காட்டெருமை சுடப் போகிறார். இதுவரை அவர் சுட்டதெல்லாம் பயிற்சிக்கு மேலே எறிகிற களிமண் தட்டு.

"டொக், திஸ் வண்," என்று றொய்சன் முதலாவதை எடுத்து நீட்டினான். புத்தம் புதிது, கண்ணாடி மாதிரி மினுக்கம். தோட்டாவைத் தள்ளுகிற அதன் போல்ட் ஒரு விரலுக்கே வழுக்கிக்கொண்டு போய் வந்தது. "சோ ஸ்மூத். இதைத்தான் நான் சொல்லுவன்."

டொக்ரரும் இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

அந்தத் தெரிவு பிழை என்று பஸ்ரியனுக்குத் தெரியும். இப்படியே விட்டால் பிறகு வோல்ரர் வந்து பார்த்துக் கத்துவார், கதிரை இன்னும் ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும், அதற்குள் மடுமாதாவாவது வேரோனிக்காவின் மனதை மாற்றலாம். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வோல்ரர் பார்க்காமல் விட்டால்? வேரோனிக்காவின் கடைவாய்ப் பல்லுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கிளினிக்கைத் திறந்த மனிதர் இவர். அவரை எருமைக்குத் தின்னக் கொடுக்க மனம் வரவில்லை.

"தம்பி, டம்மித் தோட்டா நாலு போடு," என்றார் கையை வெளியே எடுக்காமல். "போல்டைத் தள்ளு. பூட்டாத. நிப்பாட்டு. இப்ப எருமை பாஞ்சு வருது, டொக்ரருக்குக் கை பதறுது, தள்ளினதை மறந்துபோனார். திருப்பி இழு. மறுபடியும் தள்ளு."

றொய்சன் தள்ளினான். முதல் தோட்டா குழல் வாயில் அநாதையாகக் கிடக்க, இரண்டாவது அதன் பின்புறத்தில் போய் முட்டியது. போல்ட் அதற்கு மேல் முன்னால் போகவில்லை.

"இப்ப எருமை எங்க நிக்குது?" என்று டொக்ரர் கேட்டார்.

"உங்களுக்கு மேல, டொக்ரர்."

டொக்ரர் சட்டைக் கொலரைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"நீங்கள் பல்லைப் பிடுங்கேக்க குறட்டால இறுக்கிப் பிடிக்கிறியள்தானே? வெறும் விரலால தள்ளிப் பாக்கிறேல்லையே. உது தள்ளுற சாதி. மற்ற ரெண்டுக்கும் போல்டில நகம் இருக்கு. தோட்டா பெட்டியை விட்டு எழும்பின உடனயே அடியில கவ்விப்போடும். வெளியில எறியிற வரைக்கும் விடாது."

"ஓம், ஓம்! குறடு!" டொக்ரருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "அப்ப நடுவில கிடக்கிறது?"

"அது கட்டை. உங்கட தோட்டா நீளம். கொள்ள வைக்கிறதெண்டா முன்பக்கம் இரும்பைச் சுரண்ட வேணும். உதைக்கிற உதை முழுக்க அந்த இடத்திலதான் விழும். பல்லைத் தாங்கிற முரசையே வெட்டுவியளோ?"

றொய்சன் மூன்றாவதை எடுத்தான். பழைய அக்சன், ஓரத்தில் துருக்கறை. போல்டை இழுத்தபோது மண்ணில் அலுமாரியை இழுக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. பஸ்ரியன் சொன்னபடி பாதி தள்ளினான், இழுத்தான், தள்ளினான். நகம் ஒவ்வொரு முறையும் தோட்டாவைக் கவ்விக்கொண்டு வந்தது. "தலைகீழாப் பிடிச்சுத் தள்ளு," என்றார் பஸ்ரியன். அப்போதும் விழவில்லை.

"கரடுமுரடு எண்டு பயப்பிடாதேங்கோ. தேய்ச்சா வழுக்கும். நீளத்தை எங்க போய் வாங்கிறது?"

டொக்ரர் மேசையைச் சுற்றி வந்து, நாடாவைத் தாண்டி, பஸ்ரியனின் முகத்தைப் பார்த்தார். "அண்ணை, உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"யூரியூப்பில பாத்தது."

அந்த நேரம் பார்த்து வோல்ரர் கோப்பிக் குவளையோடு உள்ளே வந்தார். பழைய அக்சனைத் தூக்கினார், இழுத்தார், நகத்தைப் பெருவிரலால் தடவினார். சரியான தெரிவு என்றார். யார் தெரிந்தெடுத்தது என்று கேட்டார்.

"அங்கிள்," என்றான் றொய்சன். அவன் பொய் சொல்லப் பழகாத பிள்ளை. "இட் வாஸ் ஆல் ஹிம்."

வோல்ரர் புருவத்தை உயர்த்திப் பஸ்ரியனைப் பார்த்தார். இது எங்கே படித்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெறும் ஆர்வம்தான், வேறு ஒன்றுமில்லை. ஆனால் பஸ்ரியனுக்குப் பழைய அகதி விசாரணை அறையும், தண்ணீர்க் கிளாசும், மொழிபெயர்ப்பாளப் பெண்ணின் பேனாவும் ஒருமிக்க வந்து முன்னால் நின்றன. டொக்ரரின் மனைவி கோவில் பாடகர் குழுவில் வேரோனிக்காவுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் என்பதும் சேர்ந்து நினைவு வந்தது.

"நோ, நோ," என்றார். "ஹிம். நான் துவக்கைக் கையாலயும் தொட்டதில்லை. நெவர் ரச்."

வோல்ரர் சிரித்து, றொய்சனின் முதுகில் தட்டி, கதிரையை அவன் பக்கம் தள்ளிவிட்டார். றொய்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பஸ்ரியன் தலையை ஆட்டி அடக்கினார். எரிச்சல் வந்தது, யார்மேல் எரிந்து விழுவதென்றுதான் தெரியவில்லை.

ஐந்து கிழமைக்குப் பிறகு குழல் கடைந்து முடிந்தது. அக்சனில் பூட்டுமுன் அதில் செய்தவரின் பெயர் அடிக்க வேண்டும். கிழவர் காலத்திலிருந்து பட்டறை வழக்கம் அது. அக்சனில் பூட்டாத குழல் வெறும் குழாய், ஆகவே அது பஸ்ரியனின் வேலை. வோல்ரர் துண்டில் ஆங்கிலத்தில் எழுதித் தந்திருந்த பெயரில் மூன்றாவது எழுத்து மட்டும் கோப்பிக் கறையில் கரைந்திருந்தது. பஸ்ரியன் குழலை மேசைப் பிடியில் இறுக்கி, முதல் இரண்டு எழுத்தையும் அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயோ?" என்று கேட்டார்.

றொய்சன் பெரிய மேசையிலிருந்து பதறி எழும்பினான். "வட் ஹேப்பன்ட், அங்கிள்? கையில அடிச்சுப்போட்டீங்களா?"

"கையில இல்லையடா. உன்ர பேரில, மூண்டாவது எழுத்து. ஐயோ, வையோ?"

"ஓ. வை, அங்கிள்."

பஸ்ரியன் பெட்டியைக் கிளறி அந்த எழுத்தை எடுத்து, மற்ற இரண்டுக்கும் நேராக நிறுத்தி, சுத்தியலை ஓங்கினார்.