தோசைக்கல்லில் ஓர் என்ஜின்

தோசைக்கல்லின் மேல் என்ஜின் பெட்டியின் ஒரு பாதி கிடந்தது. ஏஞ்சல் விரல் நுனியால் தண்ணீர் தெளித்தாள்.

சுர்ர்! சரியான பதம்.

இதற்காகத்தான் மூன்று மாதப் பாடு. சாந்தோம் ஹவுசிங் போர்டு வீட்டின் ஹாலிலேயே பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை அக்கக்காகப் பிரித்துப் போட்டு, பிரேமில் இருந்த விரிசலுக்கு வெல்டு வைத்து, பெயிண்ட் அடித்து மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தாள். பாக்கி, என்ஜின் பெட்டிக்குள் கிராங்க் தண்டு சுழல வேண்டிய இரண்டு பேரிங். புதுப்பேட்டையின் பழைய பார்ட்ஸ் கடைகள் முழுக்க அலசியதில் கிடைத்த ஒரே ஜோடி. சூட்டில் விரிந்த ஓட்டைக்குள், குளிரில் சுருங்கிய பேரிங் தானாக இறங்கிவிடும். சுத்தியலால் தட்டினால் போச்சு.

ஃப்ரீசரைத் திறந்தாள். பேரிங் வைத்திருந்த கவரைக் காணோம்.

"யம்மா! கறுப்புக் கவரு எங்க?"

மீன் விற்கும் அவள் அம்மா தேசம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம வாடிக்கை பாலு சாரு கணவா மீனு கேட்டாரு. எடுத்துக் குடுத்தேன்."

"அதுல என் பேரிங் கீது!"

"மீனு கவர்லயே சுத்தி வெச்சா நான் இன்னாத்தடி கண்டேன்? கல்லாட்டம் ஒறஞ்சிகினு இருந்துச்சு. இப்பத்தான் பஸ்ஸுக்குப் போனாரு, ஓடு!"

"அடுப்பப் பாத்துக்க!"

மூன்று மாடி. இரண்டிரண்டு படியாகத் தாவினாள். ஸ்டாப்பில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பாலுவின் ஒரு கால் படிக்கட்டில்.

"சார், ஏறாதீங்க! அது கணவா இல்ல!"

"பின்ன என்னம்மா?"

"என் என்ஜின்!"

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்ஜின் ஏறுதா, எறங்குதா? சட்டுனு சொல்லு!"

பாலு இறங்கினார். முடிச்சை அவிழ்க்கப் போன அவர் கையைத் தடுத்தாள். "தொறக்காதீங்க சார், சில்லுனு இருக்கணும்!" கவரைப் பிடுங்கிக்கொண்டு பறந்தாள். பின்னாலேயே மூச்சிரைக்கப் பாலு.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பேரிங்கை ஃப்ரீசரில் போட்டாள். மற்றதைத் துணியால் பிடித்து, ஓட்டைக்கு நேராக வைத்து, விட்டாள்.

டக்.

அடிவரை போய் உட்கார்ந்தது. தேசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்த பாதி கல்லுக்கு வந்தது. சூடேறியதும் ஏஞ்சல் மறுபடி தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். இரண்டாவது பேரிங்கும் இறங்கியது.

"வண்டி எப்பம்மா ஓடும்?" பாலு கேட்டார்.

"அடுத்த வாரம். மொத ட்ரிப்பே உங்க வூட்டுக்குத்தான் சார், கணவாயோட."

"எனக்கு இன்னிக்குக் கொழம்பு வைக்கணுமே!"

"இன்னிக்கு பஸ்ஸுலயே போ சார்," என்று தேசம்மா நிஜக் கணவாயை நீட்டினாள். பாலு முடிச்சை அவிழ்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துக்கொண்டார்.

ஏஞ்சல் கவனிக்கவில்லை. ஆறிய பேரிங்கை ஒரு விரலால் சுழற்றிவிட்டாள். சத்தமே இல்லாமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது.