நாலாவது வீட்டிலும் அதே ஆள்

தனேஷுக்கு இடது தோள்பட்டை விண் விண் என்று தெறித்தது. செலாயாங் மொத்தச் சந்தையில் விடியற்காலையிலிருந்து கோஸ் மூட்டை இறக்கிய தோள். மைக்கை வலது கைக்கு மாற்றிக்கொண்டான். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஞாயிறு மதியம் அவன் நடத்தும் வினாடி வினாவுக்கு நல்ல கூட்டம். எதற்கும் உதவாத தகவலுக்காக அடித்துக்கொள்ளும் கூட்டம்.

"கடைசிச் சுற்று. படத்தைப் பார்த்துச் சொல்லணும்."

திரையில் மூன்று பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். மூன்றிலும் ஒரு பெண் நாற்காலியில் இருக்கிறாள், பக்கத்தில் புருஷன் நிற்கிறான். பெண்கள் வேறு வேறு. புருஷன் ஒரே ஆள். அதே நடு வகிடு, அதே பாதிச் சிரிப்பு.

"மூணு பொண்டாட்டியா? கில்லாடி லா!" என்றான் முன்மேசை ஷான். மாடியே சிரித்தது.

"ஒண்ணுகூட இல்ல பாஸ். கழுத்தைப் பாருங்க."

பெரிதாக்கினான். சட்டைக் காலருக்கு மேலே மெல்லிய வெட்டுக்கோடு.

"கிள்ளான்ல ஒரு ஸ்டூடியோ. ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் போட இழுத்துட்டுப் போனவங்கள்ல பாதிப் பேர் திரும்பல. தோட்டத்துக் கூலிக்கு ஏது போட்டோ? படம் வேணும்னு வந்த பொண்டாட்டிங்க பக்கத்துல ஸ்டூடியோக்காரன் ஒரே தலையை ஒட்டிக் கொடுத்துட்டான். மூணும் பழைய சாமான் கடையில கிடைச்சது. சரியான ஏமாத்து வேலை."

கைதட்டினார்கள். பின்மேசையில் உஷாராணி மட்டும் தட்டவில்லை. கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, சாலாக் செலாத்தானில் பள்ளிக் கேன்டீன் நடத்துகிறவள். முன்னால் வந்து போனை நீட்டினாள். சாமி அலமாரி. மாலை போட்ட படம். அதே நடு வகிடு, அதே பாதிச் சிரிப்பு.

"எங்க தாத்தா இது, தம்பி. ரெங்கசாமி. ஆடி அமாவாசைக்கு இவருக்குத்தான் படையல் போடறோம். இவர் கால்ல விழுந்துட்டுத்தான் கல்யாண மேடைக்கே போனேன். அப்ப நான் யார் கால்ல விழுந்தேன்?"

தனேஷ் மைக்கை இறக்கினான். ஷான் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கம்மா படுத்த படுக்கையா இருக்கு. தெனம் அவங்க அப்பா படத்தைப் பார்த்துத்தான் கண்ணை மூடும். இதைச் சொன்னா தாங்குமா?"

சொல்லாமலும் அவளால் இருக்க முடியவில்லை. வீடியோவில் கூப்பிட்டு, போனைத் திரைப்பக்கம் திருப்பினாள். கேரி தீவில் தலையணையில் சாய்ந்திருந்த பவுனம்மாள் மூன்று படங்களையும் பார்த்தாள்.

"ஓ. இவனா."

"தெரியுமாம்மா?"

"நானும்தானே கூடப் போனேன். ஆறு வயசு. ஸ்டூடியோக்காரன் நாலஞ்சு தலையை மேசையில பரப்பினான். எங்கப்பா ஜாடையில ஒண்ணு இருந்துச்சு. எங்கம்மா அதைத் தள்ளிட்டு, ஜாடையே இல்லாத இவனை எடுத்தா."

"ஏன்?"

"தோட்டத்து லயத்து வீடுங்கள்ல எல்லாரும், கருமாதி பண்ணு, பொட்டை அழின்னு நச்சரிச்சாங்க. அப்பா படத்துக்கு மாலை போட்டா அவர் செத்தவர்னு ஆயிடும்ல? எவனோ ஒருத்தனுக்குப் போட்டா ஊர் வாய் அடங்கிடும், புருஷனும் சாக மாட்டார். அப்படிக் கணக்குப் போட்டா எங்கம்மா. சாகற வரைக்கும் பொட்டு அழிக்கல. வெளிய சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற."

தனேஷ் திரும்பித் திரையைப் பார்த்தான். மூன்று பெண்களின் நெற்றியிலும் பெரிய பொட்டு. இத்தனை நாள் வைத்திருந்தும் அவன் கண்ணில் படவில்லை. பக்கத்தில் நின்ற ஆள் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனும் எங்கேயோ போய்த் திரும்பாதவனாக இருக்கலாம். புரொஜெக்டரை அணைக்கத் தனேஷுக்குக் கை வரவில்லை.

"அந்த ஆள் யாரோ, எண்பது வருஷமா நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டான். தின்னட்டும், பாவம்," என்றாள் பவுனம்மாள். "இப்ப எங்கப்பாவுக்கு நூறு வயசைத் தாண்டியிருக்கும். இனிமேலா நடந்து வரப்போறார்?"

"அப்ப இந்த ஆடியில தாத்தாவுக்கே வைப்போம்மா."

"எந்த மூஞ்சிக்கு முன்னால வைப்ப? எனக்கே ஞாபகம் இல்லியேடி."

கீழே கடையில் இலை போடும் சத்தம் கேட்டது. போனில் பவுனம்மாளின் முகம் விலகி, கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது. குரல் மட்டும் வந்தது.

"பெத்த அப்பன் ரெங்கசாமிக்கு நான் வைக்க வேண்டிய ஒரு வாய்ச் சோறு இன்னும் பாக்கி."