ஐந்து சட்டி மண்

என் கணவர் வாகீசனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலைகூட இல்லை. இப்படிப்பட்ட மனிதர்களை நம்பிப் பெண் கொடுக்கக்கூடாது. எங்காவது ஒன்று ஒளிந்திருக்கும். இவருக்கு அது பாட்டுப்பெட்டி. பாட்டுக் கேட்டால் பரவாயில்லை, யாரும் கேட்கலாம். இவர் கேட்பது பாட்டை அல்ல, சத்தத்தை. மிருதங்கத்தின் தோல் தனியாகக் கேட்கிறதா, பாடுகிறவர் மூச்சு எடுப்பது கேட்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நான் மூச்சு விடுகிறேனா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இது முற்றிவிட்டது. கோப்பாயில் எங்கள் வீட்டு ஹோலில் இரண்டு ஸ்பீக்கர்கள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. வீட்டுக்கு வருகிற எவரும் பாட்டுக் கேட்க வந்தவர் என்பது இவருடைய முடிவு. காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரையே கதிரையில் இருத்தி ஒரு கீர்த்தனை முழுக்கக் கேட்கவைத்தார். அந்த மனிதன் "சூப்பர் ஐயா" என்று சொல்லித்தான் தப்பினான்.

ஒருநாள் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். ஒரு பெட்டி நிறைய ஏதோ மண்ணாம். அதற்குள்ளிருந்து ஒரு கம்பியை அம்பிளிபயரின் பின்பக்கத்தில் பூட்டினால், மின்சாரத்திலுள்ள அழுக்கெல்லாம் மண்ணுக்குள் இறங்கிப் பாட்டுத் தெளிந்துவிடுமாம்.

"இஞ்சேரும் குணம், வெள்ளைக்காரன் பெட்டிக்குள்ளை மண்ணை அடைச்சுப்போட்டு ஒரு மோட்டச்சைக்கிள் விலை சொல்லுறான். எங்கடை வளவிலை இல்லாத மண்ணோ?"

சொன்ன கையோடு மண்சட்டி ஒன்றில் வாழையடிச் செம்மண்ணை நிரப்பி, செப்புக்கம்பி ஒன்றைப் புதைத்து, மிச்சத்தைச் சட்டியின் கழுத்தில் சுற்றி, பாட்டைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இப்ப என்ன மாதிரி?"

எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் நிலைமை வேறு. எங்கள் மகள் கீர்த்திகா வங்கியில் வேலை செய்கிறாள். மானிப்பாயில் படிப்பிக்கிற பிறேம் என்ற பெடியனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் வேதக்காரர், பிறேம் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடுகிறவன். எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் வாசற்படி ஏறாது. "அப்பாட்டை நீங்கள்தான் சொல்லவேணும் அம்மா" என்று கீர்த்திகா பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். இவர் கோபக்காரர் இல்லை. ஆனால் தன் அக்கா நாகபூசணியின் சொல்லைத் தாண்டியது இல்லை. அக்கா 'வேண்டாம்' என்றால் இவரும் 'வேண்டாம்' என்பார். கீர்த்திகா எதிர்த்துக்கொண்டு போகிற பிள்ளை அல்ல. வாய் திறக்காமல் வீட்டோடு இருந்து வாடிப்போவாள். ஆகவே அவர் மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துச் சொல்வது என்று தீர்மானித்திருந்தேன்.

"ஓம், குரல் நல்லா விரிஞ்சிருக்கு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. 'இதுதான் நேரம்' என்று நான் வாயைத் திறக்க முன்னமே மனிதர் ஸ்கூட்டியில் ஏறிவிட்டார். வாழையடி மண்ணே இப்படியென்றால் மற்ற ஊர் மண் எப்படியிருக்கும்!

சாவகச்சேரியிலிருந்து மணல் வந்தது. அங்கே இருக்கிற என் சித்தப்பா குடும்பத்தோடு எனக்குக் கதை பேச்சு இல்லை. ஆகவே, "கொஞ்சம் கரகரக்குது" என்றேன். மனிதர் சோர்ந்துபோனார். சோர்ந்த மனிதரிடம் கல்யாணக் கதை எடுக்கலாமா? அடுத்ததாக என் பிறந்த ஊர் அச்சுவேலி மண் வந்தது. ஊரை விட்டுக்கொடுக்க முடியாதே, "இதுதான் திறம்" என்று சாதித்தேன். மகிழ்ந்துபோய் மறுபடி ஸ்கூட்டியை எடுத்தார். அன்றிரவு பூனை வந்து அச்சுவேலிச் சட்டியைத் தன் தேவைக்குப் பாவித்துவிட்டுப் போனது. காலையிலும் நான் அதற்குத்தான் முதலாம் இடம் கொடுத்தேன்.

இப்படியே ஹோலில் ஐந்து சட்டிகள் வரிசையாக வந்துவிட்டன. ஈரமண்ணில்தான் மின்சாரம் நன்றாக இறங்குமென்று தினமும் காலையில் தண்ணீர் தெளித்தார். பூனைக்காக வெள்ளைவேட்டித் துண்டால் மூடிவைத்தார். நான் அவரோடு சோபாவில் இருந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் நாகபூசணி மச்சாள் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். ஹோலுக்குள் கால் வைத்தவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். என்னவென்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மச்சாளுக்குக் கேட்கிற பழக்கம் இல்லை, கண்டுபிடிக்கிற பழக்கம்தான். சட்டிகளை எண்ணினார். ஈரமண்ணை விரலால் தொட்டார். உள்ளே உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்த கீர்த்திகாவை மேலும் கீழும் பார்த்தார். தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார்.

அவர் போனபிறகுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத் தாலிக்குப் பொன்னுருக்குகிற அன்றைக்கு, கழுத்தில் நூல் சுற்றிய மண்சட்டிகளில் மண் நிரப்பி, நவதானியம் விதைத்து, தண்ணீர் தெளித்து வைப்பார்கள். முளைப்பாலிகை என்பது அதற்குப் பேர். ஒற்றை எண் விழும்படிதான் வைப்பார்கள். எங்கள் ஹோலில் ஐந்து சட்டி, ஈரமண், வெள்ளைத்துணி, கழுத்தில் நூல் மாதிரிக் கம்பி. மச்சாளுக்கு வேறென்ன தோன்றும்? தம்பி மகளுக்குக் களவாகக் கல்யாணம் செய்கிறான், கூடப்பிறந்தவளுக்கு ஒரு சொல் இல்லை!

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? பொழுதுபடமுன் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. "எந்த மண்டபம்?" என்றார்கள். கல்யாணமே இல்லை என்றேன். "உப்பிடி மறைக்கிறியள் எண்டா மாப்பிளை கனடாதானே?" என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இவருக்கு இதெல்லாம் தெரியாது. தொலைபேசிச் சத்தம் கேட்க முடியாதபடி பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்தநாள் கீர்த்திகா பயிற்சி வகுப்பு என்று விடியவே கொழும்புக்குப் போய்விட்டாள். வகுப்பில் தொலைபேசியை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார்கள். பின்னேரம் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவனை மகளின் தொலைபேசியில் படமாகக் கண்டிருக்கிறேன். பிறேம்! சேர்ட் வியர்வையில் ஊறியிருந்தது. நான் எழும்பமுன் இவர் வாசலுக்குப் போய்விட்டார்.

"வாரும் தம்பி, வாரும். நடுக் கதிரையிலை இரும். அதிலைதான் ரெண்டு ஸ்பீக்கரும் சரியாக் கேக்கும்."

பிறேம் இருக்கவில்லை. சட்டிகளைப் பார்த்தபடி நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"அங்கிள், விதைச்சாச்சோ?"

"விதைக்கிறதோ? என்னத்தைத் தம்பி விதைக்கிறது? மண் மட்டும்தான். கம்பியைப் பாரும், நேரே அம்பிளிபயருக்குப் போகுது."

பிறேம் கம்பியோடு கண்ணை ஓட்டி அம்பிளிபயர் வரைக்கும் போனான். பிறகு மெதுவாகக் கதிரையில் இருந்தான்.

"அப்ப கலியாணம் இல்லையோ?"

"ஆருக்குக் கலியாணம்?"

பிறேம் என்னைப் பார்த்தான். இவரும் என்னைப் பார்த்தார். இனி நேரம் பார்க்க நேரம் இல்லை. கீர்த்திகாவின் விருப்பம், மச்சாளின் கண்டுபிடிப்பு, ஊர்க்கதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

இவர் எழும்பிப்போய்ப் பாட்டைப் போட்டார். ஒவ்வொரு சட்டியாகக் கம்பியைப் பூட்டினார், கழற்றினார். கடைசியில் ஒரு சட்டியும் இல்லாமல் போட்டார். பிறகு பிறேமுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, மறைக்காமல் சொல்லவேணும். எந்தச் சட்டி திறம்?"

நான் இவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, அச்சுவேலிச் சட்டியைக் கண்ணாலும் கையாலும் வாயாலும் காட்டினேன். பெடியனுக்கு வடிவாகத் தெரிந்தது. என்னைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், தலையைக் குனிந்தான்.

"குறை நினைக்காதேங்கோ அங்கிள். எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கேல்லை."

முடிந்தது என்று நினைத்தேன். சாமியறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கீர்த்திகாவுக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று கண் கலங்கியது.

இவர் சோபாவில் போய் இருந்தார்.

"எனக்கும் கேக்கேல்லைத் தம்பி" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பிறகேன் ஊரூரா ஓடி மண் அள்ளினனீங்கள்?"

"நீர்தான் கேக்குது எண்டு சொன்னனீர். எனக்குத்தான் காது போயிட்டுது எண்டு நினைச்சன்." சட்டிகளின் பக்கம் திரும்பினார். "அதோடை, கலியாணம் கட்டின நாளிலையிருந்து நீர் எனக்குப் பக்கத்திலை இருந்து பாட்டுக் கேட்டது இந்தச் சட்டியள் வந்த பிறகுதான். புதுச் சட்டி வந்தால்தானே வந்து இருக்கிறீர். அதுதான் கொண்டந்து கொண்டிருந்தன்."

மகளுக்காக நான் சொன்ன பொய்யைக் கேட்க, இந்த மனிதர் வெயிலில் மண் அள்ளியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது, அதை ஏன் மறைப்பான்? பிறேம் இருக்கிறான் என்றும் பாராமல் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மச்சாள். ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாகத் தம்பியிடம் வந்திருந்தார். ஸ்பீக்கரில் போடாமலே ஹோல் முழுக்கக் கேட்டது.

"டேய் வாகீசா, கீர்த்திகாவுக்குக் கலியாணமாம், மெய்யோ?"

'இல்லை அக்கா' என்றுதான் சொல்லப்போகிறார். அதுதான் உண்மையும்கூட. இவர் பிறேமைப் பார்த்தார். பெடியன் கதிரை நுனியில் இருந்தான்.

"ஓம் அக்கா, மெய்தான். உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்."

"மாப்பிளை கனடாவோ?"

"மானிப்பாய்."

"மானிப்பாயோ? மானிப்பாயிலை என்ன ஆக்கள்?"

எங்கள் ஊரில் சாதியை விசாரிக்கிற இந்த ஒரு கேள்வியில் எத்தனை கல்யாணங்கள் கவிழ்ந்திருக்கின்றன! நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொய் சொல்லாத ஆக்கள், அக்கா."

மறுபக்கத்தில் மச்சாள் தனக்குத் தெரிந்த ஆக்களை எல்லாம் மனதுக்குள் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"அப்பிடி ஒரு ஆக்களை நான் கேள்விப்படேல்லையேடா" என்றார்.