வெளி உணவுக்கு அனுமதி இல்லை

புளிசாதத்தைக் கிளறி இறக்கும் நேரத்தில்தான் சம்பந்தி சக்கரவர்த்தியிடமிருந்து போன் வந்தது. பொன்னியின் கணவர் அப்பாசாமி எடுத்துப் பேசினார். பேசினார் என்பதைவிட, "சரிங்க, சரிங்க" என்று நாலைந்து தடவை சொன்னார் என்பதே சரி. வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"சோறு எதுவும் எடுத்துக்கினு வர வேணாமாம். ஓட்டல்லயே எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாங்களாம்."

பொன்னியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மகள் இனியாவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. தாய்வீட்டுக்காரர்கள் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் அதைச் சாப்பிட்டுப் பிள்ளைத்தாய்ச்சியை வாழ்த்த வேண்டும். சோறு இல்லாமல் என்ன வளைகாப்பு? செய்தது செய்ததுதான், எடுத்துக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்துக்கு மாங்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

இனியாவும் அவள் கணவன் புகழேந்தியும் வேங்கிக்காலில் ஒரே அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். பெண் கீழ்பென்னாத்தூர் காலனி, பையன் ஊர்த்தெரு. காதலித்தார்கள். பையனின் அப்பா சக்கரவர்த்தி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நாங்கள் ஜாதியெல்லாம் பார்ப்பதில்லை என்று அவரே முதலில் சொன்னார். ஊரே அவரைப் பாராட்டியது.

கல்யாணச் சாப்பாடு ஓட்டலில். தலை தீபாவளிக்குச் சம்பந்திகள் சந்தித்தது ஐஸ்கிரீம் கடையில். பொங்கல் சீரை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஏசி ஓட்டலுக்கே எடுத்து வரச் சொன்னார்கள். வேங்கிக்காலில் சம்பந்தி கட்டியிருக்கும் மாடி வீட்டு கேட்டைத் தாண்டிப் பொன்னி ஒருநாளும் போனதில்லை. ஒரு தடவை பெயின்ட் அடிக்கிறார்கள், இன்னொரு தடவை மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை. நம்மைப் பெரிய பெரிய இடத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்களே என்று அவள் காலனிப் பெண்களிடம் பெருமையடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இந்த முறை பர்கர் கடை. வேங்கிக்கால் மெயின் ரோட்டில் புதிதாக வந்தது. முழுக்கக் கண்ணாடி, உள்ளே நுழைந்தாலே குளிர். ஒரு பர்கர் நானூற்று ஐம்பது ரூபாய். காலனியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் அரிசி வாங்கலாம் அந்தக் காசுக்கு.

ஐந்தடுக்குக் கேரியரோடு வாசலுக்கு வந்த பொன்னியை செக்யூரிட்டி நிறுத்தினார். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். வெளி உணவுக்கு அனுமதி இல்லை. கடை ரூல்ஸ் என்றால் அவர் என்ன செய்வார், பாவம். கேரியரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வளையல் அடுக்கி முடித்தார்கள். சம்பந்தி வீட்டு உறவுக்காரர்கள் இருபது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் மரப்பலகையில் பர்கர் வந்தது, நடுவில் கத்தியைக் குத்தி நிறுத்தி. அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் அப்பாசாமி முழித்தார். மகளோ ஒரு வாய் கடித்துவிட்டுத் தள்ளி வைத்துவிட்டாள். காலையிலிருந்து அம்மா சோற்றுக்காக வயிற்றைக் காயப்போட்டு வைத்திருந்தாள் அவள்.

பக்கத்து மேசையில் யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். அந்தக் குடும்பம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய ஹாட்பாக்ஸைத் திறந்தது. பிரியாணி வாசனை ஏசிக் குளிரையும் மீறி வந்தது. இனியா நிமிர்ந்து பார்த்தாள். மேனேஜர் அஜ்மலைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவங்கள மட்டும் எப்படி விட்டீங்க? எங்க அம்மா கேரியர் வெளிய கெடக்குது."

அஜ்மலுக்கு விஷயம் புரியவில்லை. நல்ல பையன், மறைக்கத் தெரியவில்லை.

"பார்ட்டி புக் பண்ணவங்க கொண்டாந்தா விடுவோம் மேடம். உங்களுதுக்கு பெரிய சார்தான் புக் பண்ணும்போதே சொல்லிட்டாரு, பொண்ணு வீட்லருந்து எது வந்தாலும் உள்ள விட வேணாம்னு."

இனியா கணவனைப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். புகழேந்தி பலகையிலிருந்த கத்தியைத் திருப்பித் திருப்பி வைத்தான். பொன்னி வீட்டில் எத்தனையோ நாள் கருவாட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டவன் அவன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். அவளும் விளையாட்டு என்று சிரித்திருக்கிறாள்.

சக்கரவர்த்தி குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பாடம் விளக்குவதுபோலத்தான் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தியம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க சொந்தக்காரங்க இருபது பேரும் நீங்க கொண்டாந்ததத் தொடாம எழுந்து போனா, ஒங்களுக்குத்தான அசிங்கம்? ஒங்க மரியாதைக்காகத்தான் இவ்ளோ செலவு பண்ணி இங்க வெச்சேன்."

அப்பாசாமி பழக்கதோஷத்தில் "சரிங்க" என்றார்.

பொன்னிக்கு முகம் பற்றி எரிந்தது. கல்யாணச் சாப்பாடு, ஐஸ்கிரீம் கடை, ஏசி ஓட்டல் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்த காலத்தில் அவள் அப்பன் வாசலில் நின்றே குடித்தான். அங்கே அவமானம் கண்ணுக்குத் தெரிந்தது. இவர்களோ நாற்காலி போட்டு, ஏசி போட்டு, பில்லையும் கட்டி, ஒன்றரை வருஷமாக அவளை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அவள் அதற்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறாள்.

எழுந்து வெளியே வந்தாள். கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பின்னாலேயே வளையல் சத்தம் கேட்டது. இனியா வந்து வாசற்படியில் மெதுவாகக் கையூன்றி உட்கார்ந்தாள்.

"பசிக்குதும்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கேரியரைத் திறந்தால் மகளுடைய வாழ்க்கை என்ன ஆகும்? உள்ளே போய்விடு, வாழப்போகிற இடம், பகைத்துக்கொள்ளாதே என்று கெஞ்சினாள். மகள் நகரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி, ஏழு மாசம், பசி என்கிறாள். அவள் எதிரில் மூடின கேரியரை வைத்துக்கொண்டு எதற்குப் பயப்படுவது? பொன்னி படியில் உட்கார்ந்தாள். தயிர்சாத அடுக்கைத் திறந்தாள். பிசைந்து முதல் வாய் ஊட்டினாள். செக்யூரிட்டி தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

கதவு திறந்தது. புகழேந்தி கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றான். அவனைத் தாண்டி சக்கரவர்த்தி வந்தார். ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பது அவருக்கு உறைத்தது.

"நாலு பேரு பாக்கறாங்க. எழுந்து உள்ள வாம்மா, எங்க வீட்டு மானம் போவுது."

இனியா வாய் திறக்கப் போனாள். பொன்னி அடுத்த உருண்டையை அந்த வாயில் வைத்து அடைத்தாள். பிறகு, இத்தனை நாளும் அவர் முன்னால் குனிந்தே பேசியவள், முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க சம்பந்தி" என்றாள் மரியாதையாகவே. "ஒங்க வீட்டுப் புள்ளதாங்க சாப்புடுது. அது வயிறு ரொம்பட்டும், அனுப்பறேன்."