சேர்ந்த தேதி

எபினேசருக்கு ஹெவி லைசன்ஸ் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ரோசம்மாள் இறந்து ஐந்து நாள். அந்தப் புதன்கிழமை காலையில் வீட்டைப் பூட்டும்போது சுகிர்தா இரண்டையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு வார லீவு புதன்கிழமை. லைசன்ஸை அவளுடைய சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தாள். புருஷன் கையில் கொடுத்தால் எங்காவது வைத்துவிட்டுத் தேடுவான்.

நாலு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன் அவன். லாரி ஓட்டினால் நிலையான சம்பளம் என்று இரண்டு பேரும் பேசிப் பேசித்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான். அவசரமும் இருந்தது. சுகிர்தாவுக்கு நாலாம் மாதம். அவள் சிப்காட்டில் சாயப் பவுடர் பேக்கிங்கில் வேலை செய்தாள். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டாலும் மத்தியானம் எச்சில் துப்பினால் நீலமாக வரும். "குழந்தை வேணும்னா அங்க நிக்காத" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிவிட்டாள். அதைச் சொன்ன நாளிலிருந்து, கூட வேலை செய்த ரோசம்மாள்தான் பவுடர் மூட்டை கவிழ்க்கும் பக்கத்தில் நின்றாள். "நீ இந்தாண்ட வாடி, எனக்கு இன்னா, ரெண்டும் பெத்து முடிச்சாச்சி" என்று சுகிர்தாவைத் தள்ளி நிறுத்துவாள்.

அந்த ரோசம்மாளைத்தான் ஏழாம் தேதி சாயந்திரம், ஷிப்ட் முடிந்து ஹைவேயைத் தாண்டும்போது ஒரு லாரி அடித்துவிட்டு நிற்காமல் போனது. டாரஸ் என்றார்கள் சிலர், டிப்பர் என்றார்கள் சிலர். யாரோ பாதி நம்பரைப் பார்த்திருந்தார்கள். ஆரம்பாக்கத்தில் அவர்கள் தெருவில் முகம் தெரியாத அந்த டிரைவரைச் சபிக்காத பெண் இல்லை. சுகிர்தாவும் சபித்தாள். அவன் கை விளங்காமல் போகட்டும் என்று சொன்னாள்.

முதலில் போனது கண்டெய்னர் கம்பெனிக்கு. பி.எஃப். உண்டு, யூனிபார்ம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார்கள். வாச்மேன் கேட்டைத் திறக்கவே இல்லை. கம்பி வழியாகக் கையை நீட்டி லைசன்ஸை வாங்கினார். தேதியைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு வருசம் ஓட்டிட்டு வாப்பா."

"எல்லாரும் ரெண்டு வருசம் ஓட்னவனையே கேட்டா, அந்த மொத ரெண்டு வருசத்த எங்கண்ணா ஓட்றது?"

"இதத்தான் நானும் கேட்டுக்கினு சுத்துனேன்," என்றார் வாச்மேன். "கடைசில வாச்மேனா ஆய்ட்டேன்."

அடுத்தது ஜலாலுதீன் பாய். கும்மிடிப்பூண்டி பஜாரில் டயர் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அதுதான் ஆபீஸ். அவரிடம் இரண்டு லாரி இருந்தது. பழவேற்காட்டிலிருந்து ஐஸ் போட்ட மீனை ஏற்றி அனுப்புவார். லைசன்ஸைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"மூணாம் தேதி. இன்னும் சூடே ஆறலயே தம்பி."

"நல்லா ஓட்டுவேன் பாய்."

"ஓட்டுவ. பிரேக் போடுவியா? இருவது டன்னு பின்னால இருந்து தள்ளுறப்ப ஆட்டோ பிரேக்குலாம் மறந்துடணும்." அவர் லைசன்ஸை மேசைமேல் வைத்தார். "கிளீனரா ஏறிக்கோ. என் டிரைவர் பக்கத்துல குந்திக்கினு பாரு. காலி வண்டிய அப்பப்ப குடுக்கச் சொல்றேன். ஆறு மாசம், எட்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் தினப்படி மட்டும்தான், சம்பளம் இல்ல."

சுகிர்தா மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆறு மாதம் என்றால் குழந்தை பிறந்துவிடும். எட்டு மாதம் என்றால் அது குப்புறப் படுக்கும். அதுவரை அவள் பவுடர் மேசையில்தான் நிற்க வேண்டும். மூட்டைப் பக்கம் நிற்க இனி ரோசம்மாளும் கிடையாது.

"யோசிச்சி சொல்றோம் பாய்," என்றாள்.

"யோசிங்கம்மா. லைசன்ஸ எடுத்துக்கினு போங்க. கிளீனருக்கு எதுக்கு அது."

மூன்றாவது இடம் ரோலிங் மில்களுக்குப் பின்னால், சுப்பராயன் என்பவருடைய லாரி ஷெட். ஆறு லாரி ஓடியது. கம்பி லோடு. முதலாளி இல்லை, மேனேஜர் பரசுராமன் இருந்தார். நெற்றியில் புதுக் குங்குமம். அவர் உட்காரச் சொன்னதே சுகிர்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையிலிருந்து யாரும் உட்காரச் சொல்லவில்லை. டீ வேறு வந்தது.

பரசுராமன் லைசன்ஸைப் புரட்டினார். தேதியைப் பார்த்தார். சுகிர்தா வழக்கமான பதிலுக்குத் தயாரானாள். ஆனால் அவர் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் விரல் வைத்து நகர்த்தினார்.

"மூணாம் தேதி வாங்கிக்கிற. கரெக்டா கீது," என்றார்.

அன்றைக்கு அந்தத் தேதி முதன்முதலாக ஒருவருக்குப் பிடித்திருந்தது.

"அனுபவம் இல்ல சார்," என்று எபினேசரே சொல்லிவிட்டான். அவன் அப்படித்தான்.

"அம்மா வயித்துலயே யாருபா கியர் போட்டான்? எல்லாம் இங்க வந்து கத்துக்கினவன்தான். ஒரிஜினல இங்க வெச்சிட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கினு போ."

ஒரிஜினலை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது லாரித் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம். லோடோடு டிரைவர் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. டிரைவிங் ஸ்கூலிலேயே அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். சுகிர்தா பையிலிருந்த பிளாஸ்டிக் உறையையும் எடுத்துத் துடைத்து, லைசன்ஸை அதில் போட்டுத் தன் கையாலேயே கொடுத்தாள்.

பரசுராமன் நீளமான ரெஜிஸ்டரைத் திறந்து எபினேசர் பக்கம் திருப்பினார். "பேரு எழுது. சேர்ந்த தேதி, அஞ்சுன்னு போடு."

"இன்னிக்கி பன்னண்டு சார்."

"தெரியும்பா. ஒரு வாரச் சம்பளத்த ஏன் உடற? மொதலாளி இதெல்லாம் பாக்க மாட்டாரு. இன்னாமா, நீ சொல்லு. வேணாமா?"

எபினேசர் அவளைப் பார்த்தான். சுகிர்தாவின் கம்பெனியில் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அரை நாள் போய்விடும். செய்யாத ஒரு வாரத்தைச் சேர்த்து எழுதிக்கொள் என்று ஒரு மனுஷன் சொல்கிறார். அவள் தலையாட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

திரும்பும் வழியில் ஹைவே முனையில் இறங்கினார்கள். ரோசம்மாள் விழுந்த இடத்தில் யாரோ செங்கல் நட்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். "அக்கா, இவருக்கு வேலை கெடச்சிச்சி," என்று சுகிர்தா வாய்க்குள் சொன்னாள்.

பதினைந்தாம் தேதியோடு அவள் வேலையை விட்டாள். சூபர்வைசர், "போனா திரும்பி எடுக்க மாட்டோம்" என்றார். "வர மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்படி ஒரு பதிலை அவள் அந்த இடத்தில் சொன்னதே இல்லை.

எபினேசர் தினமும் காலை ஏழு மணிக்குப் போனான். சாயந்திரம் வந்தான். முதல் வாரம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி சர்வீஸில் இருக்கிறது என்றான். இரண்டாம் வாரம் எஃப்.சி. சோதனைக்குப் போயிருக்கிறது என்றான். சட்டையைத் துவைக்கும்போதுதான் அவளுக்கு உறுத்தியது. காலரில் வியர்வை மட்டும் இருந்தது. கிரீஸ் இல்லை, டீசல் வாடை இல்லை. கம்பித் துருகூட ஒட்டியிருக்கவில்லை. ஆட்டோ ஓட்டிய காலத்துச் சட்டைகள் இதைவிட அழுக்காக இருக்கும்.

"நெஜமா இன்னா பண்றீங்க அங்க?"

"குந்திக்கினு கீறேன். மத்த டிரைவருங்க மாப்பிள்ளன்னு கூப்புடறானுங்க. மாமனார் ஊட்ல ஒக்காந்து துன்றானாம்."

"வண்டி கேக்க வேண்டிதானே."

"கேட்டா, நல்ல நேரம் வரட்டும்ன்றாரு."

மாதம் முடிந்ததும் சொன்னபடி முழுச் சம்பளம் வந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்த அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மணி நேரம்கூட ஓட்டாத வண்டிக்குச் சம்பளம். சுகிர்தாவுக்கும் அது பயமாகத்தான் இருந்தது. ஆனால் அரிசிக்கடைக்குப் போய்விட்டு வந்தாள்.

மறுநாள் பஜாரில் ஜலாலுதீன் பாயைப் பார்த்தாள். அவரே கூப்பிட்டார்.

"இன்னாமா, யோசிக்கறேன்னு போனவங்க இன்னும் யோசிக்கறீங்களா?"

"இவரு சுப்பராயன் ஷெட்ல சேர்ந்துட்டாரு பாய்."

பாய் சிரிப்பை நிறுத்தினார். "வண்டி குடுத்துட்டானா?"

"இன்னும் குடுக்கல. சம்பளம் குடுத்துட்டாங்க."

"வண்டி குடுக்காம சம்பளம் குடுக்கற ஆளா அவன்?" பாய் கிட்டே வந்தார். "ஒரிஜினல் அவன்கிட்ட கீதா?"

"கீது."

"திருப்பி வாங்கிடச் சொல்லு. இன்னிக்கே."

"எதுக்கு பாய்?"

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டனா. வாங்கிடச் சொல்லு."

"உங்க வண்டில அந்த எடம்…"

"அதுக்கு அப்பவே ஆள் போட்டுட்டேன்மா," என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே.

வெள்ளிக்கிழமை எபினேசர் லைசன்ஸைக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று தாமதமாக வந்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் கையைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"வண்டி குடுத்துட்டாங்களா?"

அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து, தேங்காய் எண்ணெயும் மரத்தூளும் வைத்துத் தேய்த்தாள். இத்தனை நாள் காத்திருந்த அழுக்கு. கிரீஸ் என்றால் உள்ளங்கையிலும் இருக்க வேண்டும், நகக்கண் வரை ஏறியிருக்க வேண்டும். இது பத்து விரலிலும் முதல் கணுவோடு நின்றிருந்தது. அதையும் அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு மேலும் தேய்த்தாள்.

"லைசன்ஸ் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"தரேன்னாங்க."

 மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரோசம்மாளுக்கு முப்பதாம் நாள் ஜெபம். சர்ச் முடிந்து பாஸ்டர் வீட்டுக்கே வந்தார். வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். சுகிர்தா வற்புறுத்தித்தான் எபினேசரை அழைத்து வந்தாள். ஜெபம் நடக்கும்போது எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவன் மட்டும் ரோசம்மாளின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பாதிக் கண்ணில் கண்டாள்.

ஜெபம் முடிந்து பிரிஞ்சி பரிமாறினார்கள். எபினேசர் எழுந்து ஷாமியானாக் கம்பத்துக்கு அப்பால் போய் நின்றுகொண்டான். ரோசம்மாளின் புருஷன் தானியேல் ஒரு தட்டில் போட்டு அவனிடம் தானே எடுத்துக்கொண்டு போனார். சுகிர்தா தயிர்ப் பச்சடிப் பாத்திரத்தோடு பின்னால் போனாள்.

"துன்னு தம்பி. அவ கையால துன்ன ஊடு இது," என்றார் தானியேல். தட்டை அவன் கையில் திணித்தார். பிறகு குரலைத் தணித்தார். "ஒரு விஷயம். அந்த டிரைவரு மாட்டிக்கினானாம். வெள்ளிக்கிழம அவனே ஸ்டேசனுக்கு வந்து ஒத்துக்கினானாம். அன்னிக்கே ஜாமீன்ல உட்டுட்டாங்களாம். நேத்து போய்க் கேட்டா பேரு சொல்ல மாட்றாங்க. நாளைக்கு வா, நாளைக்கு வான்றாங்க. நீ லாரி லைன்ல கீற. நாலு பேரு பேசிக்குவாங்க. யார்னு விசாரிச்சி சொல்றியா?"

எபினேசர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அடிக்கல்லாம் மாட்டேம்பா," என்றார் தானியேல். "அடிச்சி இன்னா ஆவப்போவுது. அவன் மூஞ்ச ஒரு தபா பாக்கணும். அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை என்ற வார்த்தை சுகிர்தாவின் காதில் நின்றுவிட்டது. தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தாள். எண்ணெய் போட்டும் போகாத கறுப்பு நகத்தோரம் மெல்லிய கோடாக இருந்தது. அவளுக்கு அந்தக் காலண்டர் ஞாபகம் வந்தது. மூன்றில் தொடங்கி ஏழில் போய் நின்ற விரல். தான் தலையாட்டியது.

"வாங்க, போலாம்," என்றாள்.  "ஊட்டுக்குப் போலாம் வாங்க."

எபினேசர் நகரவில்லை. தட்டைக் குனிந்து தரையில் வைத்தான். நிமிர்ந்து தானியேலுக்கு நேராக நின்றான்.

"பாத்துக்கோண்ணா," என்றான்.

தானியேலுக்குப் புரியவில்லை. "இன்னாத்த?"

"அந்த வண்டி எங்க ஷெட்டுது. ஓட்னது மொதலாளியோட மச்சான். அவருக்கு லைசன்ஸ் கெடயாது." அவன் ஒரு தடவை சுகிர்தாவைப் பார்த்தான். "நான்தான் ஓட்னேன்னு ஸ்டேசன்ல எழுதி, பத்து வெரலயும் உருட்டிக் குடுத்துட்டு வந்துக்கிறேண்ணா. மாட்டேன்னுதான் சொன்னேன். மேனேஜரு ரெஜிஸ்டர எட்த்து வெச்சாரு. அஞ்சாம் தேதியே நான் வேலைல சேர்ந்துட்டேன். கையெழுத்து என்துதான்."